காமா காட்டாத சீனி

நிலையத்துக்குள் வரும் எந்தப் பொருளுக்கும் சிவப்புப் பொட்டு இருக்க வேண்டும். மனிதர்களுக்கு மட்டும் விலக்கு. அதுவும் தற்காலிகம்தான் என்று டைரக்டர் அனந்தபத்மநாபன் ஒரு ஆண்டுவிழாவில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நிலையம் என்றால் உயிர்சார் மருத்துவப் பொருள் உயராய்வு நிலையம். திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றைத் தாண்டி, நகரப் பேருந்து முக்கி முனகி ஏறும் ஒரு மேட்டில் இருக்கிறது. உடம்புக்குள் வைக்கிற பொருள்களையும் உடம்பின்மேல் ஒட்டுகிற பொருள்களையும் செய்து பார்க்கிற இடம். உடம்பைத் தொடுகிற பொருளில் கிருமி இருக்கக் கூடாது. அதைக் கொல்ல, நிலையத்தின் நடுவே கனத்த கான்கிரீட் சுவர்களுக்குள் ஒரு காமா அறை உண்டு. பொருளைப் பெட்டியில் போட்டு, மேலே வட்டமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்புவார்கள். வேண்டிய அளவு கதிர் பட்டதும் மஞ்சள் சிவப்பாகிவிடும். அதுதான் பொட்டு.

இது உலகமெங்கும் நடக்கிற காரியம். ஊசியும் நூலும் பஞ்சும் இப்படித்தான் சுத்தமாகின்றன. நிலையம் அதோடு நிற்கவில்லை. சாமிக்குக் கற்பூரம் காட்டுவது போல, அங்கே எல்லாவற்றுக்கும் காமா காட்டினார்கள். முதலில் மருந்துப் பொருள்களுக்கு. பிறகு பேனாக்களுக்கு, நாற்காலிகளுக்கு, கோப்புகளுக்கு. ஓணத்துக்கு வாசலில் போட்ட அத்தப்பூக்களத்தின் பூக்கள் எல்லாம் காமா கண்டு, தவிட்டு நிறமாகி, பொட்டோடு கிடந்தன. ஆயுத பூஜைப் பொரிக்குக் காட்டியபோது மட்டும் ஒரு சின்ன முணுமுணுப்பு எழுந்தது. ஒவ்வொரு பொரிக்கும் பொட்டு தேவையில்லை, பொட்டலத்துக்கு ஒன்று போதும் என்று சுற்றறிக்கை வந்ததும் அடங்கியது.

தப்பியது கேன்டீன் ஒன்றுதான். காமா காட்டிய பொறோட்டாவைத் தட்டில் ஏந்திக்கொண்டு யூனியன்காரர்கள் டைரக்டர் அறைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கேன்டீனிலிருந்து வருகிற எதற்கும் பொட்டு கேட்பதில்லை என்று அன்று மாலையே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்துக்குத்தான் பாறசாலையிலிருந்து ஜெயன் ஒப்பந்த வேலைக்கு வந்து சேர்ந்தான். பயோகெமிஸ்ட்ரி படித்தவன். சீதாலக்ஷ்மி மேடத்தின் புராஜெக்டில் உதவியாளர்.

சீதாலக்ஷ்மி ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர். வீட்டில் பேசுகிற தமிழையே ஆய்வுக்கூடத்திலும் பேசுவார். முதல் நாளே ஜெயனை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். ஆறாத புண்ணின்மேல் செத்த சதை படிந்திருக்கும். அதை அகற்றினால்தான் புண் ஆறும். பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கிற ஒரு என்ஸைமைப் பிளாஸ்திரியில் தடவி ஒட்டினால், கத்தி இல்லாமலே அது செத்ததைக் கரைத்துவிடும்.

"செத்ததை மட்டும் திங்கும். உசிரோட இருக்கறதைத் தொடாது. நம்ம ஆபீஸுக்கு நேர் எதிர்னு ஞாபகம் வச்சுக்கோ."

சிக்கல் இதுதான். புண்ணில் ஒட்டுகிற பிளாஸ்திரிக்குக் காமா காட்டியே ஆக வேண்டும். கிருமி சாகும். கூடவே என்ஸைமும் சாகும். அதன் வேலை முழுவதும் அதன் மூலக்கூறு மடிந்திருக்கிற விதத்தில் இருக்கிறது. காமா அந்த மடிப்பைக் கலைத்துவிடும். என்ஸைமைச் சீனியோடு கலந்து உலர்த்தி, ஐஸில் வைத்துக் காமா காட்டினால் பாதியாவது பிழைக்கும் என்பது சீதாலக்ஷ்மியின் நம்பிக்கை. அதை நிரூபிக்க, காமா காட்டியதையும் காட்டாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சோதனை சுலபம். உயிருள்ள என்ஸைமைப் பாலில் போட்டால் பால் திரியும். செத்ததைப் போட்டால் பால் பாலாகவே இருக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் வந்து புராஜெக்டைப் பரிசீலிப்பார். காட்ட ஏதாவது இருந்தால் புராஜெக்ட் நீளும். இல்லாவிட்டால் ஜெயனின் வேலையும் அதோடு போகும். போனால், களியிக்காவிளையில் அவன் அத்தான் தங்கையனின் டயர் கடை காத்திருந்தது. தங்கையன் நல்ல மனுஷன். மைத்துனனுக்காகப் பையில் பெயர் தைத்த நீலச் சட்டை இரண்டு இப்போதே தயார் செய்து வைத்திருந்தார். டயருக்கு நிபுணர் வர மாட்டார், காற்று நின்றால் பாஸ் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறுதல் சொன்னார்.

ஜெயன் இரண்டு வகைப் பிளாஸ்திரியையும் தயார் செய்தான். ஒரு பெட்டி காமா கண்டது, பொட்டில்லாத ஐஸை உள்ளே விடாததால் ஐஸ் இல்லாமலே. இன்னொன்று காணாதது. இரண்டையும் தூக்கிக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனான். வாசலில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே கிருமிநீக்க அதிகாரி பிரதீஷ். பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பொட்டு எவிடே ஜெயா?"

"அது காமா காட்டாததாக்கும் சாரே. காட்டினதோட ஒத்துப் பாக்கதுக்கு."

"காட்டாம எப்படி உள்ள விடுறது? ஒரு காரியம் செய்யலாம். ஞான் காட்டித் தாறேன். பின்ன நீ அதைக் காட்டாததுன்னு எழுதிக்கோ. எனக்கு ஒரு குழப்பமும் இல்ல."

ஜெயன் மறுபடி விளக்கினான். பிரதீஷ் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடிக்கும்போது பெட்டி காமா அறைக்குப் போயிருந்தது.

அன்று பால் சோதனை நடந்தது. இரண்டு கிளாஸ் பாலும் பாலாகவே இருந்தன. மறுநாளும் பாலாகவே இருந்தன. புளிக்கவைக்கக்கூட அந்த அறையில் ஒரு கிருமி இல்லை.

முடிவு டைரக்டருக்குப் போனது. காமா காட்டிய பிளாஸ்திரிக்கும் காட்டாததற்கும் வித்தியாசம் இல்லை என்ற ஒரு வரியை அவர் வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். சீதாலக்ஷ்மியைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். கதிர் என்ஸைமைப் பாதிப்பதில்லை என்று கண்டுபிடித்த நிலையம் இது என்று பத்திரிகைகளுக்குக் குறிப்பு எழுதச் சொன்னார்.

"ரெண்டுமே செத்துப்போச்சு சார். அதனாலதான் வித்தியாசம் இல்லை."

"இரண்டும் சமமாக இருக்கின்றனவா, இல்லையா?"

"சமமா செத்திருக்கு."

"சமம் என்பது அறிவியல், சீதாலக்ஷ்மி. செத்தது என்பது உங்கள் அபிப்பிராயம்."

குறிப்பு மூன்று மொழிகளில் வெளியானது. கதிர் என்ஸைமை ஒன்றும் செய்யாது என்று ஆகிவிட்டதால், கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் என்ன என்று தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு கேட்டது. தாங்கள் மட்டும் சும்மா இருந்துவிட்டால் அக்கறை இல்லாதவர்கள் என்று பெயர் வருமே என்று பாதுகாப்புப் பிரிவும் தன் பங்குக்கு ஏற்றியது. கணக்குப் பிரிவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒற்றுமைக்காக அவர்களும் கொஞ்சம் கூட்டினார்கள். கடைசியில் பிளாஸ்திரி முறுக்கு நிறத்தில் வெளியே வந்தது. மேஜையில் தட்டினால் முறுக்கின் சத்தமும் வந்தது. பிளாஸ்திரி மெருகேறியிருப்பதாக டைரக்டர் சொன்னார்.

சீதாலக்ஷ்மி விடவில்லை. காமா காட்டாத மாதிரியைச் சோதனைக்கூடத்துக்குள் அனுமதிக்கும்படி விலக்குக் குழுவுக்கு விண்ணப்பித்தார். விலக்குக் குழு நியாயமான குழு. எதையும் கண்ணால் பார்க்காமல் முடிவு செய்வதில்லை. மாதிரியைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆனால் குழு கூடுகிற அறையும் சுத்தப் பகுதிக்குள்தான் இருந்தது. பிரதீஷ் வாசலில் நின்றார். ஜெயன் கொண்டு போன குப்பி காமா அறை வழியாகக் குழுவின் முன்னால் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். இதற்குத்தான் பொட்டு இருக்கிறதே, எதற்கு விலக்கு என்று விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள். மேல்முறையீட்டுக் குழு இன்னும் நியாயமானது. இரண்டு குப்பி கேட்டது.

புதிதாக வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெளியிலிருந்து வருகிற சரக்கெல்லாம் பெரிய கேட்டிலேயே காமா கண்டுதான் உள்ளே வரும். அப்படியானால் முதல் சரக்கு எப்படி உயிரோடு வந்தது என்று ஜெயன் ஒருநாள் கேட்டான். அது வந்த நாள் ஹர்த்தால் என்றார் சீதாலக்ஷ்மி. கேட்டில் ஆள் இல்லை, காமா அறையில் ஆள் இல்லை. கூரியர்காரன் ஒருத்தன், கட்சி கிட்சி ஒன்றும் தெரியாதவன், பெட்டியை நேராக அவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஹர்த்தாலுக்குக் காத்திருக்கலாம். இப்போதெல்லாம் முன்போல நடப்பதில்லை என்று சீதாலக்ஷ்மி குறைப்பட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் ஹர்த்தாலைத் திட்டித் தீர்த்த வாய் அது.

ஆக, நிலையம் முழுவதிலும் உயிரோடு மிச்சமிருந்தது ஒரே ஒரு குப்பி என்ஸைம். சீனியோடு கலந்து உலர்த்திய வெள்ளைப் பொடி. டெல்லி நிபுணருக்குக் காட்ட அதை விட்டால் வேறில்லை. அந்த நேரம் பார்த்து, ஆய்வுக்கூடங்களின் ஃபிரிட்ஜுகளில் பொட்டில்லாத பொருள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பிரதீஷ் சோதனை போடப் போவதாகத் தகவல் வந்தது.

குப்பியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு ஜெயன் கேன்டீனுக்கு ஓடினான். கேன்டீன் தங்கபாய் அக்கா அவன் ஊர்ப்பக்கத்துக்காரி. அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"எனக்க ஃபிரிட்ஜுல மீன் இருக்கு, முட்டை இருக்கு, நேத்தத்த அவியல் இருக்கு. ஒனக்க குப்பி எதையாவது திங்குமா மக்களே?"

"செத்ததை மட்டும்தான் அக்கா."

"மீனும் செத்ததுதாம்லே."

பப்பாளியிலிருந்து எடுத்தது என்று சொன்ன பிறகுதான் அவள் சமாதானமானாள். ஆட்டுக்கறி வேகாவிட்டால் அவளே பப்பாளித் துண்டு போடுகிறவள். இத்தனை படித்த சாருமார் இந்தப் பப்பாளிக்காகவா இப்படி ஓடி ஒளிகிறார்கள் என்று கேட்டுவிட்டு, ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் குப்பியை வைத்து, டப்பாவை முட்டைகளுக்குப் பின்னால் தள்ளினாள். பிரதீஷ் அன்று நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பொட்டில்லாத ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கைது செய்துகொண்டு போனார்.

நிபுணர் வருகிற நாள் வந்தது. கருத்தரங்க ஹாலில் கூட்டம். வாசலில் பிரதீஷ். நிபுணரின் மடிக்கணினிப் பைக்குப் பொட்டு இல்லை என்று அதை வாங்கிக் காமா அறைக்கு அனுப்பிவிட்டார். நிபுணர் வெறுங்கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று ஜெயனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனும் வந்த நாளிலிருந்து அதே முகத்தோடுதான் இருந்தான்.

ஹாலுக்குள் பொட்டில்லாமல் போகக்கூடியது கேன்டீன் தட்டு ஒன்றுதான். பொடி பார்க்கச் சீனி மாதிரியேதான் இருக்கிறது என்று சீதாலக்ஷ்மி முந்தின நாள் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயன் புரிந்துகொண்டான். பொடியை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டி, டீத் தட்டில் சீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, தட்டைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனான். தங்கள் முறை வரும்போது அந்தக் கிண்ணத்தையும் ஒரு கிளாஸ் பாலையும் எடுத்து நிபுணர் கண்முன்னால் கலந்து காட்டுவது. திட்டம் அவ்வளவுதான். தட்டை மேடை ஓரத்து மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான்.

டைரக்டர் டீ குடிக்க மாட்டார். பேசும்போது வெதுவெதுப்பான பால் குடிப்பார். சீனி தாராளமாக வேண்டும். அவர் எழுந்து வந்தார். பால் கிளாஸை எடுத்தார். இரண்டு கிண்ணங்களில் கைக்கு எட்டியதைத் திறந்து மூன்று ஸ்பூன் போட்டுக் கலக்கினார். இன்னொரு ஸ்பூனும் போட்டார்.

ஜெயன் சீதாலக்ஷ்மி இருந்த பக்கம் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

டைரக்டர் பேச ஆரம்பித்தார். "மதிப்புக்குரிய விருந்தினர் அவர்களே, இந்த நிலையத்தில் எதுவும் எதையும் பாதிப்பதில்லை. கதிர் என்ஸைமைப் பாதிக்கவில்லை. என்ஸைம் பாலைப் பாதிக்கவில்லை. இங்கே நடந்த எந்த ஆராய்ச்சியாலும் இதுவரை யாருக்கும் எந்த விளைவும் ஏற்பட்டதில்லை. இதை அடைய எங்களுக்கு எத்தனை வருஷ உழைப்பு தேவைப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா?"

நிபுணர் தெரியாது என்பதுபோலத் தலையசைத்தார். டைரக்டர் கிளாஸை உயர்த்திக் குடித்தார். பால் வரவில்லை. கிளாஸை இன்னும் சாய்த்தார். இளநீரின் வழுக்கை மாதிரி ஒரு கட்டி நழுவி வந்து மேலுதட்டில் உட்கார்ந்தது.

பிரதீஷ் முன்னால் பாய்ந்தார். கிளாஸை முகர்ந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பொட்டில்லாத கிண்ணம். அதன் மூடியைப் படாரென்று மூடி, மேஜையைச் சுற்றி நாற்காலிகளை அடுக்கி வேலி போட்டார். கிருமித் தாக்குதல் என்று அறிவித்தார். அந்த இடத்திலேயே விசாரணைக் குழு அமைந்தது. குழுவின் தலைவரும் பாதிக்கப்பட்டவரும் முதல் சாட்சியும் டைரக்டரே என்பதால் நேரம் மிச்சமானது.

இதற்கு மேல் மறைப்பது சரியல்ல என்று ஜெயன் ஓர் அடி முன்னால் வந்தான். வாயைத் திறப்பதற்குள் சீதாலக்ஷ்மி எழுந்துவிட்டார். அவர் குரலில் ஒரு கவலை தெரிந்தது. அந்தக் கவலையை ஜெயன் அதற்கு முன் கேட்டதில்லை.

"பிரதீஷ், அந்தக் கிண்ணம் சாட்சியாச்சே. விசாரிக்கறதுக்கு முன்னாடி காமா காட்டணுமோல்லியோ?"

"பின்னே? காட்டாம எப்படி மேடம் விசாரிக்கிறது?"

"அப்போ ஐஸ்ல வச்சு எடுத்துண்டு போங்கோ. சாட்சி கெட்டுப்போயிடப்படாது பாருங்கோ."

அது கரெக்டாணு என்று பிரதீஷ் ஒப்புக்கொண்டார். நடைமுறை என்று யார் சொன்னாலும் அவருக்குப் பிடிக்கும். கேன்டீனிலிருந்து மீன் ஐஸ் வந்தது. கிண்ணத்தை ஐஸுக்குள் புதைத்து, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கக் காமா அறைக்குக் கொண்டு போனார்கள். அப்போதுதான் ஜெயனுக்கு விளங்கியது. உலர்ந்த பொடி, கூடச் சீனி, சுற்றிலும் ஐஸ். மேடம் இத்தனை மாதம் அனுமதி கேட்டு அலைந்த அதே சோதனையை நிலையமே ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போகிறது. பொடி பிழைத்தால் வேலை. செத்தால் நீலச் சட்டை.

காமா அறையிலிருந்து சாட்சி திரும்ப மாலை ஆகிவிட்டது. அதுவரை நிபுணரைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்று டைரக்டர் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு பொருளின் கிருமியைக் கொல்வது தொடக்கம்தான், அதன் செயலையே கொன்றால்தான் முழுச் சுத்தம் என்றார். ஒன்றும் செய்யாத பொருள் ஒரு தவறும் செய்வதில்லை என்றும், இதே கொள்கையைத்தான் நிர்வாகத்திலும் கடைப்பிடிப்பதாகவும் சொன்னார். தங்கபாய் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து அனுப்பிய பழம்பொரியை நிபுணர் தின்றுகொண்டிருந்தார்.

கிண்ணம் சிவப்புப் பொட்டோடு வந்தது. பிரதீஷ் முகத்தில் வெற்றி. கிருமியை ஒழித்தாகிவிட்டது என்பதைக் குழுவுக்கு நிரூபித்துவிட்டால் விவகாரம் முடிந்தது. புதிய கிளாஸில் பால் ஊற்றினார். காலையில் போட்ட அதே நாலு ஸ்பூன் போட்டுக் கலக்கி, எல்லோரும் பார்க்கும்படி நடுவில் வைத்தார்.

காலையில் டைரக்டர் முன்னுரையை முடிப்பதற்குள் பால் திரிந்திருந்தது. இப்போது அவர் முன்னுரையை முடித்தார். பால் பாலாகவே இருந்தது. நிலையத்தின் வரலாற்றுக்குப் போனார். பால் பாலாகவே இருந்தது. ஜெயன் கண்ணை மூடிக்கொண்டான். களியிக்காவிளையில் லாரி டயர் உருளும் சத்தம் காதில் கேட்டது. டைரக்டர் தன் சொந்தப் பங்களிப்புக்கு வந்தார்.

"திரியறது" என்றார் சீதாலக்ஷ்மி, மெதுவாக.

திரிந்தது. அவசரப்படாமல், பாதி மனசோடு, ஆனால் சந்தேகமில்லாமல் திரிந்தது. நிபுணர் எழுந்து வந்து கிளாஸைச் சாய்த்துப் பார்த்தார். அதே வழுக்கை.

பிரதீஷ் வெளுத்துப் போனார். அவருடைய பதினோரு வருஷ சர்வீஸில் காமா கண்டு பிழைத்த பொருளை அவர் பார்த்ததில்லை. இது என்ன என்று நிபுணர் கேட்டார். ஹால் மொத்தமும் டைரக்டரைப் பார்த்தது. டைரக்டர் சீதாலக்ஷ்மியைப் பார்த்தார்.

"ரெண்டே ரெண்டு வழிதான் சார். இது கிருமின்னா, உங்க காமாவுல சாகாத கிருமி நிலையத்துல இருக்குன்னு எழுதணும். என்ஸைம்னா, காமா பட்டும் பிழைச்ச என்ஸைம்னு எழுதணும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்கோ."

டைரக்டர் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் ரொம்பக் குறைவு. மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது எங்கள் என்ஸைம். இதை உங்கள் கண்முன்னால் காட்டத்தான் காலையில் என் சொந்தப் பாலைத் தியாகம் செய்தேன். கேன்டீன் வழியாக வரவழைத்ததும் என் ஏற்பாடு. கதிர் பாதிக்காது என்று முன்பு சொன்னோம். கதிர் பாதிக்காமல் இல்லை என்று இப்போது சொல்கிறோம். இதற்குப் பெயர்தான் வளர்ச்சி."

கைதட்டல் எழுந்தது. பிரதீஷ்தான் முதலில் தட்டினார்.

நிபுணருக்குத் திருப்தி. காமா காட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே பொடியை வைத்து, இத்தனை சாட்சிகள் முன்னால் நடந்த சோதனையைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்றார். சீதாலக்ஷ்மியின் புராஜெக்டை நீட்டிக்கப் பரிந்துரைத்தார். போகும்போது ஒரே ஒரு யோசனை சொன்னார். காமா காட்டாத பொருள்களை வைக்கவும் நிலையத்தில் ஒரு இடம் இருந்தால் நல்லது. பிறகு தன் மடிக்கணினியைக் கேட்டார். அது இன்னும் காமா அறையில் இருந்தது. இனி எடுத்தும் பயனில்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொன்னார்கள்.

டைரக்டர் யோசனையைத் தலைமேல் ஏற்றுக்கொண்டார். நிலையத்தின் கிழக்குப் பக்கத்தில் காமா விலக்குப் பகுதி என்று ஒரு புதிய கட்டடம் எழுந்தது. காமா கண்ட எதுவும் அதற்குள் நுழையக் கூடாது. பழைய பகுதியில் எவ்வளவு கண்டிப்போ, அதே கண்டிப்பு. பொறுப்பு பிரதீஷுக்கே பதவி உயர்வோடு கிடைத்தது.

ஜெயனின் புதிய ஒப்பந்தமும் வந்தது. காமா காட்டியதையும் காட்டாததையும் இனி முறைப்படி ஒரே மேஜையில் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த வேலை முடியும் வரை அவன் பணியில் இருப்பான். ஜெயன் உற்சாகமாக இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பழைய கூடத்தில் காமா காட்டாத பெட்டியைத் தடுத்தார்கள். புதிய கட்டடத்துக்குப் போனான். அங்கே பிரதீஷ், காமா காட்டிய பெட்டியைக் கையாலும் தொடவில்லை.

"அதுல காமா உண்டு ஜெயா. இங்க ஒக்காது. பழைய ஸ்தலத்துக்குக் கொண்டு போ."

"அங்கே மத்த பெட்டியை விட மாட்டேங்காவ சாரே. பின்னே எங்க வச்சு ஒத்துப் பாக்க?"

பிரதீஷ் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். ஒரு குழு போடச் சொல்வதாகச் சொன்னார்.

ஜெயன் சீதாலக்ஷ்மியிடம் போய் முறையிட்டான். அவர் அப்போது மகா உற்சாகத்தில் இருந்தார். விசாரணைக் குழுவின் சோதனையையே கட்டுரையாக்கி வெளியூர் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். பிளாஸ்திரியை முயன்று பார்க்க ஒரு ஆஸ்பத்திரியும் கேட்டிருந்தது. அவன் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"ஒப்பிட்டு முடிக்கற வரைக்கும் வேலைன்னு போட்டிருக்கா. இந்த ரெண்டு வாசலும் இருக்கற வரைக்கும் நீ எப்படி முடிப்பே?"

ஜெயன் படித்தான். மெல்லச் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து அவன் தினமும் காலையில் இரண்டு பெட்டிகளோடு இரண்டு வாசலுக்கும் போய், இரண்டிலும் திருப்பி அனுப்பப்பட்டு, ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிறான். போன மாதம் அமரவிளையில் பெண் பார்க்கப் போனார்கள். என்ன வேலை என்று பெண்ணின் அப்பா கேட்டார். ஒப்பிடுகிற வேலை என்றான். நிரந்தரமா என்று அவர் கேட்டார்.

"முடிய வழியே இல்லை மாமா" என்றான் ஜெயன்.

அன்றைக்கே உறுதி செய்துவிட்டார்கள்.